பத்துக்குக் கீழே

மில் எடைமேடையில் எனக்குப் பதினாறு வருடம்.
லோரி ஏறும், எண் வரும், எழுதுவேன்.
செம்பனைக் குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் வயிற்றோடு திரும்பி ஏறும்.
கழித்தால் மிஞ்சுவது பழம்.
போன ஜூலையிலிருந்து
எதைக் கழித்தாலும் எனக்குள்
அதே எண்தான் நின்றது.

முதலில் போனது தூக்கம் என்று நினைத்தேன்.
இல்லை, உப்பு.
தவமலர் வைத்த நெத்திலிச் சம்பல்
நனைந்த அட்டைபோல நாக்கில் கிடந்தது.
'உப்பு சரியா இருக்கா?'
'இருக்கு.'
எட்டு மாதம் அந்த ஒரு சொல்லில்
குடித்தனம் நடத்தினோம்.

சும்மா உட்கார்ந்தே வேலை பார்த்தா இப்படித்தான் என்றான் மச்சான்.
அவன் மனைவி என் மோட்டார் சக்கரத்தடியில்
எலுமிச்சம்பழம் வைத்தாள்.
ஏற்றி நசுக்கினேன்.
வாசம் வந்தது.
வேறொன்றும் வரவில்லை.

ஒரு ராத்திரி, லோரி ஓய்ந்த நேரத்தில்
நானே மேடையில் ஏறி நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாக: 60.
ஐம்பத்தேழாக இருந்தாலும் அறுபதுதான்,
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
பத்துக்குக் கீழே இருப்பது
அதன் கணக்கில் இல்லை.
எவ்வளவு நேரம் நின்றேனோ.
இரிசப்பன் லோரி வளைந்து வந்து
வெளிச்சம் முழுக்க என்மேல் விழுந்தது.
அவன் ஹார்ன் அடிக்கவில்லை.
எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான்.
'லாபிஸ் கிளினிக்கில புதன்கிழமை ஒரு அம்மா இருக்காங்க.
நான் போயிருக்கேன்.'
மில்லையே சிரிக்க வைக்கிறவன்.
'நீயா?'
'எட்டுத் தடவை.
டிரிப் சீட்டுல எழுதல, அவ்வளவுதான்.'

புவான் நோர்லைலாவின் அறையில்
ஏர்கோன் தண்ணீர் மைலோ டின்னில் சொட்டியது.
ஒன்பது கேள்வி, பூஜ்யம் முதல் மூன்று வரை.
ஒன்பதாவதுக்கு நான் போட்ட எண்ணைப் பார்த்து
பேனாவைக் கீழே வைத்தார்.
அதையே மெதுவாக வாயால் கேட்டார்.
மேடையைச் சொன்னேன். வெளிச்சத்தைச் சொன்னேன்.
மீதியைச் சொல்லும்வரை காத்திருந்தார்.

எப்படி இருக்கிறது உள்ளே என்றார் மலாயில்.
தமிழில் கேட்டிருந்தால்
'ஒண்ணுமில்ல' என்று எழுந்து வந்திருப்பேன்.
எனக்குத் தெரிந்த மலாய் எடைச்சீட்டு மலாய்:
பெராட் கசார், பெராட் பெர்சே.
'பெராட்' என்றேன்.
கனம்.
அந்த மொழியில் எனக்கு அம்மா இல்லை, மச்சான் இல்லை,
அழுதால் எட்டிப் பார்க்க லயத்து ஜன்னல் இல்லை.
அழுதேன்.

கூட்டிப் பார்த்தார். பதினேழு.
எனக்கு என்று எழுதப்பட்ட முதல் சீட்டு.
'கெமுருங்கான்' என்றார்.
என் காதில் முருங்கை என்று விழுந்தது.
நோய் என்றார். சோம்பல் இல்லை, சாபம் இல்லை.
டாக்டரிடம் ராத்திரிக்கு அரை மாத்திரை,
அவரிடம் புதன்கிழமை.

கழிவுச் சீட்டுகளின் பின்பக்கம்
தினமும் ஒன்று எழுதுகிறேன்,
மேடைக்குத் தெரியாத எடைகளை.
குளித்தேன்.
பாசார் மாலாமில் அப்பம் பாலிக் வாங்கினோம்,
முக்கால்வாசி அவள் தின்றாள்.
இரிசப்பனோடு தே தாரிக், அவன் காசு.
பிறகு நான்கு நாள் வெறும் தாள்.

வேதாளம் மறுபடி முருங்கை ஏறிவிட்டது என்று
உடைந்த மலாயில் விளக்கினேன்.
'ரெமுங்காய் மரமா? எங்கள் வீட்டிலும் நிற்கிறது.
அந்தக் கொப்பு ஆளைத் தாங்காதே' என்றார்,
வேதாளத்துக்காகக் கவலைப்படுபவர்போல.
சிரித்துவிட்டேன்.
வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டுக் குழம்பு.
'உப்பு சரியா இருக்கா?'
'கொஞ்சம் தூக்கல்.'
தவமலர் கரண்டியை வைத்தாள்.
என் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள்.
'ஆமா' என்றாள்,
குழம்பைப் பார்க்காமல்.

திங்கட்கிழமை மறுபடி அட்டை.
புதனுக்கு இன்னும் இரண்டு நாள்.
அதையும் எழுதி வைத்தேன்.